நல்ல கிணற்றுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்த ஒரு பெரிய கம்பெனியை எதிர்த்து ஊர் மக்கள் வழக்காடிய கதையைச் சொல்லும் அமெரிக்கப் படம் 'எரின் புரோக்கோவிச்'. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படம் உண்மையில் நடந்த வழக்கை வைத்து எடுக்கப்பட்டது. கதாநாயகியாக நடித்த ஜூலியா ராபர்ட்சுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும் மக்கள் இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். இப்போது கைபேசி வந்துவிட்டதால், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள கிராமத்து வீடுகளுக்கும் இத்தகைய படங்கள் வந்து சேர்ந்துவிட்டன.

பார்த்தவர்கள் சொல்லும் கருத்து பெரும்பாலும் மூன்று வகையாக இருக்கிறது. ஒரு பெண் தனியாளாக நின்று அத்தனை பெரிய கம்பெனியைப் பணிய வைத்தாரே என்று வியப்பவர்கள் ஒரு சாரார். அவ்வளவு பெரிய தொகை அந்த நாட்டில்தான் கிடைக்கும், நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது என்று பெருமூச்சு விடுவோர் மற்றொரு சாரார். சினிமாதானே, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள் என்பவர்கள் மூன்றாவது சாரார்.

மூன்று கருத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் கரும்பும் தர்பூசணியும் பயிரிடும் ஒலக்கூர் வட்டாரத்துச் சிறு விவசாயி இப்படத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வழக்குக்கு முதுகெலும்பாக இருந்தவை, கிணற்று நீரை ஆய்வு செய்து எழுதிய காகிதங்கள்.

கலிபோர்னியாவில் நடந்தது

கலிபோர்னியா மாநிலத்தின் பாலைவனப் பகுதியில் ஹிங்க்லி என்று ஒரு சிற்றூர். கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு தீவனப் பயிர் வளர்த்துக் கறவை மாடு வைத்துப் பிழைத்த ஊர். 1952-இல் ஒரு எரிவாயுக் கம்பெனி அங்கே அழுத்த நிலையம் ஒன்றை அமைத்தது. இயந்திரங்களைக் குளிர்விக்கும் கோபுரங்களில் துருப் பிடிக்காமல் இருக்க 'குரோமியம்-6' என்ற இரசாயனத்தை 1966 வரை நீரில் கலந்து பயன்படுத்தினார்கள். பயன்படுத்திய நீரை, அடியில் எந்தப் பூச்சும் இல்லாத மண் குட்டைகளில் விட்டார்கள். அது மெல்ல இறங்கி ஊர்க் கிணறுகளைச் சேர்ந்தது. 1987-இல்தான் நிலத்தடி நீர் கெட்ட செய்தி அரசின் காதுக்கு எட்டியது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. குரோமியத்தில் இரண்டு வகை முக்கியமானது. குரோமியம்-3 மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். நச்சுத் தன்மையும் குறைவு. குரோமியம்-6 தண்ணீரில் எளிதாகக் கரைந்து தூரம் போகும், கடும் நச்சு. 'குரோமியம் உடம்புக்கு நல்லதுதான்' என்று ஊர் மக்களிடம் சொல்லப்பட்டதாகப் படத்தில் வருகிறது. எந்தக் குரோமியம் என்று கேட்கத் தெரிந்த பிறகுதான் கதையே திரும்புகிறது.

எரின் புரோக்கோவிச் வக்கீல் அல்லர். சட்டம் படித்தவரும் அல்லர். மூன்று பிள்ளைகளின் தாய். வக்கீல் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தவர். அவர் நீர் வாரிய அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்புகளைப் புரட்டிப் பிரதி எடுத்தார். வீடு வீடாகச் சென்று விவரம் குறித்தார். 1996-இல் 600-க்கும் மேற்பட்டவர்களுக்காகக் கம்பெனி 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

குரோமியம்-6 கலந்த நீரைக் குடித்ததால் யாருக்கு எந்த நோய் வந்தது என்பதில் அறிவியலாளர்களிடையே பிற்பாடு வாதம் எழுந்தது உண்மை. ஆகவே 'கூட்டிச் சொல்லியிருப்பார்கள்' என்போரின் கருத்தையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் கிணற்றில் குரோமியம் இருந்தது என்பதில் வாதம் இல்லை. அதற்கு எண்கள் இருந்தன.

படம் முடிந்த பிறகும் ஹிங்க்லியின் கதை தொடர்ந்தது. வழக்கு தீர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகப் போகும் நிலையிலும் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலை முடிந்தபாடில்லை. கெட்ட நீரை இறைத்துக் குதிரை மசால் வயல்களில் சொட்டுநீராக விட்டு, மண்ணிலுள்ள அங்ககப் பொருளும் நுண்ணுயிர்களும் குரோமியம்-6-ஐ குரோமியம்-3 ஆக மாற்றும்படி செய்கிறார்கள். பல குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வெளியேறின. ஊர்ப் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. பணம் வந்தது, ஊர் திரும்பவில்லை.

அதே வழக்கு பாலாற்றங்கரையில்

ஒலக்கூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் செங்கல்பட்டை நெருங்கும்போது பாலாற்றுப் பாலத்தைக் கடக்கிறார்கள். அந்த ஆற்றின் மேற்பகுதியில், வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பைக் கழுவிய நீரும், பதனிடப் பயன்படும் குரோமியம் கலந்த நீரும் ஆண்டுக்கணக்கில் ஓடையிலும் நிலத்திலும் விடப்பட்டன. கிணறுகள் உப்பாயின. தென்னையும் நெல்லும் விளைந்த வயல்கள் வெளுத்தன.

இந்த அநியாயத்தை எதிர்த்து 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' என்ற அமைப்பு 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும். கேடு வரும் முன்னே தடுக்க வேண்டும். தன் தொழிலால் கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும் என்னும் மூன்று கொள்கைகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. இன்று நாட்டில் எந்த மூலையில் ஆற்றுநீர் கெட்டு வழக்கு நடந்தாலும் இத்தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பில் எவை சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதல் கட்டக் கணக்கெடுப்பின்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாக எண்ணிப் பார்த்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கு தீர்ப்பிலேயே இடம் பெற்றிருக்கிறது. யாரோ நடந்து போய், எட்டிப் பார்த்து, எழுதி வைத்ததுதான் உச்ச நீதிமன்றத்தில் பேசியது. ஒற்றை ஆள் வென்றார் என்னும் முதல் சாராரின் கருத்துக்கு இதில் பதில் இருக்கிறது.

நொய்யல் கரையிலும் இப்படித்தான். திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகக் கூடி நீதிமன்றம் போனார்கள். கழிவு நீர் சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே கதாநாயகன் யாரும் இல்லை. பட்டா வைத்திருந்த விவசாயிகள் இருந்தார்கள்.

தொகை எவ்வளவு?

இனி இரண்டாவது சாராரின் பெருமூச்சுக்கு வருவோம். 1996 தீர்ப்பின்படி இழப்பைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பு ஏற்பட்டது. 2001-இல் அது, பாலாற்றுப் பகுதியில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று விதித்தது. 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு இந்தத் தொகை. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஏழு ஆண்டு விளைச்சல் போனதற்கு இவ்வளவுதான் ஈடு.

வழக்கும் அத்துடன் முடியவில்லை. ஈட்டுத் தொகை விடுபட்டோருக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது 2025 ஜனவரி 30 அன்று. மனுப் போட்ட ஆண்டு 1991. அன்று வரப்பில் ஓடிய சிறுவனுக்கு இன்று தலை நரைத்திருக்கும்.

ஹிங்க்லியைக் கெடுத்த அதே குரோமியம்-6 இராணிப்பேட்டையிலும் இருக்கிறது. அங்கே 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்' என்ற தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை மலை போல் விட்டுச் சென்றது. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து ஊறுவதைத் தடுப்பது எப்படி என்பது முப்பது ஆண்டுக்காலக் கவலை. இந்தக் கவலைக்குப் படம் எடுத்தவர் இல்லை.

ஆக, வழக்கு தேவைதான். அந்த வழக்குகள் நடந்திராவிட்டால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்திரா, சட்டமும் இவ்வளவு வலுப்பெற்றிராது. ஆனால் நீதிமன்றத்தால் பணம் வாங்கித் தர முடியும். தொழிற்சாலையை மூட முடியும். பாறை இடுக்கில் இறங்கிய உப்பை மேலே எடுக்க முடியாது. இதை விவசாயி நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒலக்கூருக்கு இதில் என்ன?

'நம்மூரில் தோல் தொழிற்சாலை எதுவும் இல்லையே' என்று கேட்கலாம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகருகே செல்லும் வட்டாரம் இது. சாலை வசதி உள்ள இடத்துக்குத் தொழில் வரத்தான் செய்யும். வரட்டும். படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். தொழிற்சாலை வேண்டாம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. வருகிற தொழில் தண்ணீரைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று அறிய, இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

மணிலாவில் டி.எம்.வி. 7 போட்டோமா வேறு ரகம் போட்டோமா என்று கேட்டால் இவ்வட்டார விவசாயி உடனே சொல்வார். அந்த ரகப் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. எத்தனை மூட்டை உரம், எந்தத் தேதியில் விதைப்பு என்பதும் நினைவில் இருக்கும். கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் 'நல்ல தண்ணிதான்' என்பதே பதில்.

'நல்ல தண்ணி' என்ற சொல் எந்த அலுவலகத்திலும் செல்லாது. ஒரு பேச்சுக்கு, இன்று கிணற்று நீரின் மின்கடத்தும் திறன் 0.9 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு கழித்து அது 2.8 ஆகி, கரும்பு கருகுகிறது. விவசாயி முறையிடுகிறார். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? 'இது பாறை நிலம், இங்கே தண்ணீர் முன்பே உப்பு. போதாததற்கு நீங்களே ஆழ்துளை போட்டு உறிஞ்சிவிட்டீர்கள்' என்று சொல்லும். கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றாலும், 'என் இழப்பு இவ்வளவு' என்று காட்ட வேண்டியவர் விவசாயிதான். முன்பு இருந்தது தெரியாவிட்டால் இழந்ததை எப்படிக் கணக்கிடுவது? பழைய தேதியிட்ட ஓர் ஆய்வுச் சீட்டு இருந்தால் அந்த வாதம் அங்கேயே நின்றுவிடும்.

காலக்கெடுவும் ஒன்று இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே இழப்பீடு கோருவதானால் கேடு முதலில் நேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கேட்டை நிறுத்தக் கோரும் மனுவாக இருந்தால் ஆறு மாதம்தான். நீர் எப்போது கெட ஆரம்பித்தது என்று தெரியாதவர் இந்தக் கெடுவை எப்படிக் காப்பார்?

நீர் மாதிரி எடுக்கும் முறை

இதற்குப் பெரிய செலவோ படிப்போ தேவையில்லை.

ஒரு லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். பூச்சிமருந்து வைத்திருந்த பாட்டிலைத் தொடவே கூடாது. மோட்டாரைப் போட்டுக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு, வரும் நீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி இறுக மூட வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி, நிற்கும் பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். மறுநாளைக்குள் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பது நல்லது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சீட்டு வந்ததும் முதலில் மின்கடத்தும் திறனைப் பார்க்க வேண்டும். பழைய சீட்டுகளில் மில்லிமோஸ் என்றும் இப்போது டெசிசைமன் என்றும் போடுவார்கள், எண் ஒன்றுதான். சுமார் 2-ஐத் தாண்டினால் நெல்லிலும் மணிலாவிலும் விளைச்சல் குறையத் தொடங்கும். கரும்புக்கு 1-ஐத் தாண்டும்போதே கவனம் தேவை.

சாதாரணப் பாசன நீர் ஆய்வில் குரோமியம் போன்ற உலோகங்களைப் பார்ப்பதில்லை. அருகில் அத்தகைய தொழில் இருந்தால் தனியே கேட்டு, ஆய்வகத்தார் தரும் பாட்டிலில், அவர்கள் சொல்லும் முறையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

ஆண்டுக்கு இரண்டு முறை மாதிரி எடுப்பது உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கிணறு நிறைந்திருக்கும் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று. நீர் கீழே போன ஏப்ரல் கடைசியில் ஒன்று. ஊரில் நாலா திசையிலும் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து எல்லோருமாகச் செலவைப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை. ஜனவரி 26-இலும் மே 1-இலும் கிராம சபை கூடுகிறது. கைக்கு வந்துள்ள சீட்டுகளை அங்கே படித்து, எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் அது ஊரின் ஆவணம் ஆகிவிடும். நிலப் பத்திரமும் அடங்கல் நகலும் இருக்கும் பையிலேயே நீர்ச் சீட்டும் இருக்கட்டும்.

இந்தச் சீட்டு விவசாயியின் தவறையும் காட்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும், கிணற்று மேட்டில் மருந்துத் தெளிப்பானைக் கழுவுவதும், போட்டி போட்டு ஆழ்துளை இறக்குவதும் தண்ணீரைக் கெடுக்கவே செய்கின்றன. அண்டையில் தொழிற்சாலையே இல்லாதபோதும் எண் ஏறிக்கொண்டு போனால், காரணத்தை நம் வயலில் தேட வேண்டும். அதுவும் இந்தச் சீட்டால் வரும் இலாபந்தான்.

படம் பார்த்துவிட்டு, நமக்கும் இப்படி ஒரு எரின் புரோக்கோவிச் வருவாரா என்று கேட்பது இயல்பு. ஒருவேளை வந்தாலும் அவர் முதலில் கேட்கப் போவது, 'உங்கள் கிணற்றுத் தண்ணீரை எப்போதாவது ஆய்வு செய்தீர்களா, சீட்டு இருக்கிறதா?' என்றுதான் இருக்கும். பாலாற்றங்கரை விவசாயிகளில் எத்தனையோ பேரிடம் அன்று அது இல்லை. ஒலக்கூர் வட்டாரத்தில் இன்று கிணறுகளில் பயிர் வளர்க்கும் தண்ணீர் இருக்கிறது. வரும் ஜனவரியில் ஊருக்குப் பத்துப் பாட்டில் நீர் ஆய்வகத்துக்குப் போகட்டும்.